நாற்றைப் பறிப்பதும் கதிரை அறுப்பதும்: ஓர் ஆய்வு மாணவியின் ஆங்கிலச் சொற்சேர்க்கைகள்

‘ஓப்பன் மைண்டட் ரைஸ் வெரைட்டீஸ்’ என்று எழுதியிருந்தது. நெறியாளர் பச்சை மையில் அதைச் சுழித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். திறந்த மனம் கொண்ட நெல் ரகங்கள்! மாணவி சொல்ல வந்தது உப்பைத் தாங்கும் ரகங்கள். ஆங்கிலத்தில் அதற்கு ‘ஸால்ட் டாலரண்ட்’ என்பார்கள். அதே பக்கத்தில் உலர் எடையைக் குறிக்கும் ‘ட்ரை வெயிட்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘பார்ச்ட் லோட்’ இருந்தது. உப்பு விடாமல் ஒப்பீட்டுக்காக வளர்த்த ‘கண்ட்ரோல் ப்ளாண்ட்ஸ்’ எல்லாம் ‘கமாண்ட் ப்ளாண்ட்ஸ்’ ஆகியிருந்தன.

தாவரவியலில் முனைவர் பட்டத்துக்கு உழைக்கும் ஒருவர் இந்தக் கட்டுரையோடு என் மேசைக்கு வந்தார். நான் ஆங்கிலத் துறையில் இருக்கிறேன். பிற துறை ஆய்வாளர்களின் கட்டுரைகளை மாலை நேரத்தில் உட்கார்ந்து பார்த்துக் கொடுப்பது பல வருடப் பழக்கம். இவருடைய கட்டுரையைச் சற்று விரிவாக எழுதி வைக்கக் காரணம், இதே வழியில் போய் இதே இடத்தில் மாட்டிக்கொள்பவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன் என்பதுதான்.

பின்னணி

நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரை ஊர். 12ஆம் வகுப்பு வரை தமிழ்வழி. வீட்டில் முதல் பட்டதாரி. 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்ளே வந்தபோது இவர் கைக்குழந்தை. அதற்குப் பிறகு வயலில் உப்புப் பூத்ததையும், மழை வந்து கழுவிக் கழுவி மண் மெல்லத் திரும்பியதையும் அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவர். களர்பாலை, குழியடிச்சான் போன்ற நம் பழைய நெல் ரகங்களின் நாற்றுகள் உப்பை எந்த அளவு வரை தாங்குகின்றன என்பதுதான் ஆய்வு. தலைப்பு அவர் வீட்டு வாசலிலிருந்து வந்தது, ஆகவே விஷயத்தில் அவருக்குத் தடுமாற்றமே இல்லை. தொட்டி, உப்பு அளவு, வேரின் நீளம், இலையின் நிறம் என்று தமிழில் கேட்டால் அரை மணி நேரம் நிறுத்தாமல் சொல்வார்.

படிப்பிலும் உழைப்புக் குறைவு கிடையாது. நியூசிலாந்தின் வெலிங்டனில் இருந்த ஏவரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலை யாரோ அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். கல்விசார் எழுத்தில் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்கள் அதில் உண்டு. அத்தனைக்கும் எதிரே தமிழ்ப் பொருள் எழுதி, ஒரு கோடை விடுமுறை முழுக்க மனப்பாடம் செய்திருக்கிறார். நோட்டைக் காட்டினார். ‘கண்டக்ட் – நடத்து. ஒப்டெயின் – பெறு. எஸ்டாப்ளிஷ் – நிறுவு.’ அழகான கையெழுத்து. இவ்வளவு தெரிந்த ஒருவர் எப்படி ‘கமாண்ட் ப்ளாண்ட்ஸ்’ என்று எழுதினார்?

“அது நான் எழுதல மேடம்,” என்றார். குரல் இறங்கிவிட்டது.

என்ன நடந்தது

முதல் வரைவை முடித்ததும் யாரோ சொல்லி, பிறர் எழுத்தோடு ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் ஏற்றியிருக்கிறார். 34 விழுக்காடு காட்டியிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளில் 10 விழுக்காடு வரைதான் தண்டனை இல்லாத நிலை. பயந்துபோய், சொற்களை மாற்றித் தரும் இணையக் கருவி ஒன்றில் கட்டுரையைப் பத்தி பத்தியாகப் போட்டு எடுத்திருக்கிறார். எண் இறங்கியது. அதோடு கட்டுரையும் போயிற்று.

அந்தக் கருவிக்குச் சொல் தெரியும், சொல்லின் சொந்தபந்தம் தெரியாது. ‘டாலரண்ட்’ என்றால் மாற்றுக் கருத்தைப் பொறுத்துக்கொள்பவர் என்று ஒரு பொருளும் அகராதியில் உண்டு. அந்த வழியாகப் போய் ‘ஓப்பன் மைண்டட்’ என்ற சொல்லைக் கொண்டுவந்து நெல்லின் தலையில் வைத்துவிட்டது.

இவர் ஒருவருக்கு நேர்ந்த விபத்து என்று இதைத் தள்ள முடியாது. 2021இல் பிரான்ஸைச் சேர்ந்த கியோம் கபனாக், சிரில் லபே ஆகியோர் அலெக்ஸாண்டர் மகசினோவுடன் சேர்ந்து, அச்சேறிய ஆய்விதழ்களிலேயே இப்படிப்பட்ட தொடர்களைத் தேடித் தொகுத்தார்கள். ‘டார்ச்சர்ட் ஃப்ரேசஸ்’, அதாவது சித்திரவதைப்பட்ட தொடர்கள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். செயற்கை நுண்ணறிவு என்னும் ‘ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்’ அங்கே ‘கவுண்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்’ என்று கிடந்தது. மார்பகப் புற்றுநோய் ‘பூசம் பெரில்’ ஆகியிருந்தது. ‘சிக்னல் டு நாய்ஸ்’ என்ற மின்னியல் தொடர் ‘ஃப்ளாக் டு கமோஷன்’ ஆகியிருந்தது. ஒரு துறைக்காரர் பார்த்தவுடன் கட்டுரையை மூடி வைக்க இதில் ஒன்று போதும். என் மாணவி நேர்மையாகத் தொட்டி தொட்டியாக அளந்து எடுத்த முடிவுகளும் அந்தச் சந்தேகக் கூட்டத்தில் போய் நின்றுவிடும் என்பதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

“கருவியில போடுறதுக்கு முன்னாடி நீ எழுதுனது இருக்காம்மா?”

பென் டிரைவில் இருந்தது. அதைத் திறந்து படித்தேன். பிழைகள் இருந்தன, ஆனால் பொருள் கலையவில்லை. அன்றே கருவி மாற்றிய பிரதியை ஓரமாக வைத்துவிட்டு, அவர் கையால் எழுதிய முதல் வரைவிலிருந்து தொடங்கினோம்.

முதல் வரைவு காட்டியது

அதிலிருந்த பிழைகளில் இலக்கணப் பிழை கொஞ்சம்தான். பெரும்பாலானவை சேர்க்கைப் பிழைகள், அதாவது எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேர்ந்து வரும் என்பதில் வந்த பிழைகள். சோதனை ‘டன்’ என்று எழுதியிருந்தார். வழக்கில் ‘கண்டக்டட்’ அல்லது ‘கேரிட் அவுட்’ வரும். உப்பு வளர்ச்சிக்குப் பாதிப்பைக் ‘கேவ்’ என்றிருந்தார். ‘ஹேட் அன் எஃபெக்ட் ஆன்’ என்பதே ஆங்கில மரபு. வேருக்கும் தண்டுக்கும் ‘ஹை ரிலேஷன்’ இருந்தது. புள்ளியியலில் ‘ஸ்ட்ராங் கோரிலேஷன்’ என்பார்கள்.

ஒவ்வொன்றின் அடியிலும் தமிழ் தெரிந்தது. நம் ‘செய்’ மிகத் தாராளமான வினை. ஆய்வு செய், முயற்சி செய், தவறு செய், ஒப்பந்தம் செய் என்று எந்தப் பெயரோடும் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அந்த வேலையைப் பல வினைகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. முயற்சிக்கு ‘மேக்’ வரும், ஆய்வுக்கு ‘கண்டக்ட்’ வரும், ஒப்பந்தத்துக்கு ‘சைன்’ வரும். ‘செய்’ என்ற ஒரே சாவியை எடுத்துக்கொண்டு போனால் பாதிப் பூட்டு திறக்காது. சில இடங்களில் இரு மொழியும் தற்செயலாக ஒரே பாதையில் போவதும் உண்டு. வரியும் செலுத்துகிறோம், கவனமும் செலுத்துகிறோம்; ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ‘பே’தான். இதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. ஆனால் இந்த அதிர்ஷ்டத்தை நம்பிக் கட்டுரை எழுத முடியாது. பங்கு ‘வகிக்கிறோம்’, ஆங்கிலத்திலோ பங்கை ‘ப்ளே’ பண்ண வேண்டும்.

நாற்றங்காலில் ஒரு பாடம்

சேர்க்கை என்றால் என்னவென்று விளக்க எனக்குப் பாடப்புத்தகம் தேவைப்படவில்லை. வயலில் நடக்கும் வேலைகளை வரிசையாகச் சொல்லச் சொன்னேன்.

“நாத்தங்கால்ல விதை விடுவோம். நாத்துப் பறிப்போம். நடவு நடுவோம். களை எடுப்போம். தண்ணி பாய்ச்சுவோம். கதிர் அறுப்போம். கட்டு கட்டிக் களத்துக்குக் கொண்டுபோய் அடிப்போம். நெல்லைத் தூத்துவோம்.”

“நாத்தை அறுப்போம்னு சொன்னா?”

“கதிரைத்தான் மேடம் அறுக்கணும். நாத்தைப் பறிக்கணும்.” கொஞ்சம் பதறியே சொன்னார்.

“இதை யாரு சொல்லிக் குடுத்தாங்க?”

யோசித்தார். “யாரும் சொல்லிக் குடுக்கல. காதுல விழுந்ததுதான்.”

இதைத்தான் நன்னூல் மரபு என்கிறது. “எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே.” ஏன் அப்படி என்று கேட்டால் விடை கிடையாது, அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறார்கள். தொல்காப்பியம் இன்னும் நுட்பமாகப் போகிறது. பல வினைக்கு உரிய பொருள்களைச் சேர்த்துக் குறிக்கும் பொதுச்சொல்லுக்கு, அவற்றில் ஒன்றுக்கே உரிய வினையைக் கொடுக்கக் கூடாது என்று தனி விதியே வைத்திருக்கிறது. ‘வேறுவினைப் பொதுச்சொல் ஒருவினை கிளவார்.’ அடிசில் என்று பொதுவாகச் சொன்னால் அதில் உண்பதும் உண்டு, பருகுவதும் உண்டு. ஆகவே இரண்டுக்கும் பொதுவாக ‘அயின்றார்’ என்று சொல்ல வேண்டும் என்பது உரை. சொல்லுக்குச் சொல் துணை தேடும் பழக்கம் நமக்குப் புதிதே அல்ல.

ஆங்கில மொழியியலில் இந்தக் கருத்தை வலுவாக வைத்தவர் ஜே. ஆர். ஃபர்த். ஒரு சொல்லை அது பழகும் கூட்டத்தைக் கொண்டு அறிந்துகொள்வாய் என்று 1957இல் எழுதினார். அவர் லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். தமிழ் ஒலிப்பைப் பற்றியும் ஒரு சிறு நூல் எழுதியிருக்கிறார், 1934இல் அது வெளிவந்தது. தமிழைக் காது கொடுத்துக் கேட்ட ஒரு மனிதர் சொன்ன சொல் இது என்பது எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி.

திருட்டு என்ற பயம்

உண்மையான முடிச்சு இங்கேதான் இருந்தது. நல்ல கட்டுரைகளில் வரும் தொடரைத் தானும் எழுதினால் அது திருட்டு என்று அவர் மனதில் பதிந்திருந்தது. ‘சிக்னிஃபிகன்ட் டிஃபரன்ஸ்’ என்று ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள், ஆகவே நான் ‘பிக் டிஃபரன்ஸ்’ என்று எழுத வேண்டும் என்பது அவர் கணக்கு. இதில் ஒரு விபரீதம் உண்டு. புள்ளியியல் கட்டுரையில் ‘சிக்னிஃபிகன்ட்’ என்றால் தற்செயலால் மட்டும் இவ்வளவு வேறுபாடு வருவது அரிது என்று சோதித்துப் பார்த்ததாகப் பொருள். ‘பிக்’ என்றால் அளவு பெரியது. சொல்லை மாற்றியதும் ஆய்வின் முடிவே மாறிப்போகிறது.

மானியக் குழுவின் விதியை எடுத்து அவர் முன் வைத்தேன். கட்டுரையில் இருக்க வேண்டியது சொந்தக் கருத்து என்று வலியுறுத்தும் அதே இடத்தில், பொது அறிவான செய்திகளையும் தற்செயலாக ஒத்துவரும் சொற்களையும், தொடர்ந்து 14 சொற்கள் வரை, அது விலக்கி வைக்கிறது. துறையின் பொதுச்சொற்களையும் நியமச் சமன்பாடுகளையும் ஒப்புமைச் சோதனையில் சேர்க்கக் கூடாது என்றும் சொல்கிறது. நாம் பேசும் சேர்க்கைகள் இரண்டு சொல், மூன்று சொல். இவை யாருடைய சொத்தும் இல்லை. நாற்றுப் பறித்தல் என்பதை எந்த ஊர்க்காரரும் உரிமை கொண்டாட முடியாதது போலத்தான்.

பிறர் எழுதிய வாக்கியத்தை எடுத்து நாலு சொல்லை மாற்றி வைப்பது வேறு. அது எத்தனை விழுக்காடு காட்டினாலும் தவறு. அவர் வரைவில் அப்படி இரண்டு வாக்கியங்கள் முன்னுரையில் இருந்தன. அவற்றை அடித்துவிட்டு, மூலத்தை மூடி வைத்து, புரிந்ததைத் தமிழில் எனக்குச் சொல்லிவிட்டு மறுபடி எழுதச் சொன்னேன். எழுதினார். மற்றபடி அந்த 34இல் பெரும்பகுதி மேற்கோள் பட்டியலும் வேதிப்பொருள்களின் பெயர்களும் துண்டு துண்டான சிறு தொடர்களும்தான். நூலகர் மேற்கோள் பட்டியலையும் சிறு ஒப்புமைகளையும் விலக்கும் வசதியை மென்பொருளில் இயக்கிப் பார்த்தபோது இது தெளிவாகிவிட்டது. முதல் நாளே நூலகரைக் கேட்டிருந்தால் அந்தக் கருவியின் பக்கமே போயிருக்க வேண்டாம்.

எப்படிப் படித்தோம்

முதலில் நான் ஒரு தவறு செய்தேன். கிர்ஸ்டன் அக்கர்மானும் யூ-ஹுவா சென்னும் 2013இல் வெளியிட்ட கல்விச் சொற்சேர்க்கைப் பட்டியலில் 2,469 இணைகள் இருக்கின்றன. பெரிய எழுத்துத் தொகுப்பிலிருந்து கணினியால் பொறுக்கி, பிறகு வல்லுநர்கள் சலித்தெடுத்தது. நல்ல பட்டியல். அதை அப்படியே அச்செடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அகர வரிசையில் பாதி மனப்பாடமாகியிருந்தது, எழுத்தில் ஒன்றும் ஏறவில்லை. 570 சொல்லை மனப்பாடம் செய்த அதே பழைய வழியில் மறுபடி நடக்க வைத்துவிட்டேன்.

பிறகு அவர் துறைக்கே போனோம். நெல்லும் உப்பும் பற்றி நல்ல ஆய்விதழ்களில் வந்த 30 கட்டுரைகளை நெறியாளர் தேர்ந்து கொடுத்தார். அவற்றை வெறும் எழுத்துக் கோப்பாக மாற்றி, டோக்கியோவின் வசேடா பல்கலைக்கழகத்தில் இருக்கும் லாரன்ஸ் ஆண்டனி உருவாக்கி இலவசமாகத் தரும் ‘ஆண்ட்கான்க்’ என்ற மென்பொருளில் ஏற்றினோம்.

உப்புத்தன்மையைக் குறிக்கும் ‘சலினிட்டி’ என்று தட்டினார். திரை முழுக்க வரிகள். ஒவ்வொரு வரியின் நடுவிலும் அந்தச் சொல் ஒரே நேர்கோட்டில் நின்றது, கயிறு பிடித்து நட்ட நடவு மாதிரி. இடப்பக்கச் சொல்லை வைத்து வரிசைப்படுத்தியதும் அக்கம்பக்கம் கூட்டம் கூட்டமாகத் தெரிந்தது. ‘ஹை சலினிட்டி’, ‘சாயில் சலினிட்டி’, ‘அண்டர் சலினிட்டி’, ‘டாலரன்ஸ் டு சலினிட்டி’. அந்தக் கடைசித் தொடரில் அவர் விரல் நின்றது. “டாலரன்ஸுக்கு ‘டு’ போடணுமா? நான் எல்லா இடத்துலயும் ‘அகெய்ன்ஸ்ட்’ போட்டிருக்கேன்.” உப்பை எதிர்த்து நிற்கிறது என்று தமிழில் நினைத்து எழுதியது. யாரும் திருத்தாமல் அவரே கண்டுபிடித்த முதல் பிழை அது.

மண்ணில் உப்புப் பூக்கிறது என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று ஒரு நாள் கேட்டார். ‘ஸால்ட்’ என்று தட்டிப் பார்த்தோம். அங்கே உப்பு பூக்கவில்லை, ‘அக்யூமுலேட்’ ஆனது, சேர்ந்தது. “பூக்குதுங்கறது நல்லா இருக்கு மேடம்,” என்றார். நல்லாத்தான் இருக்கிறது. அதைத் தமிழ்க் கட்டுரைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

நோட்டையும் மாற்றினோம். பழைய நோட்டில் வினை இடப்பக்கம், தமிழ்ப் பொருள் வலப்பக்கம். புதியதில் பக்கத்துக்கு ஒரே ஒரு பெயர்ச்சொல், தலைப்பாக. அதன் கீழே அது ஏற்கும் வினைகள், முன்னால் நிற்கும் அடைகள், பின்னால் ஒட்டும் முன்னிடைச் சொல். பெயரிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. எழுதும்போது நம் கையில் முதலில் இருப்பது பெயர்தான். சோதனை, மாதிரி, முடிவு, வேறுபாடு எல்லாம் தெரியும். அதோடு எந்த வினை போகும் என்பதில்தான் பேனா நிற்கும். ‘சாம்பிள்’ என்ற பக்கத்தில் ‘கலெக்ட்’, ‘அனலைஸ்’, ‘ட்ரை’, ‘ஸ்டோர்’ என்று அவர் ஆய்வுக்கூடத்தில் செய்யும் வேலை வரிசையிலேயே வினைகள் வந்து உட்கார்ந்தன. முப்பத்தைந்து நாற்பது பக்கத்துக்குள் அவர் கட்டுரைக்கு வேண்டியது முடிந்துவிட்டது. அதன் பிறகு 2,469 பட்டியலை எடுத்து, இந்தப் பெயர்களுக்கு அதில் வேறு துணை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தோம். அப்போது அது நன்றாக உதவியது. முன்னுரைக்கும் முடிவுரைக்கும் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ‘அகாடமிக் ஃப்ரேஸ்பேங்க்’ என்ற தொடர்த் தொகுப்பைச் சில இடங்களில் பார்த்துக்கொண்டோம்.

தினமும் அரை மணி நேரம். வினைகளைக் கையால் மறைத்துக்கொண்டு பெயரைப் பார்த்துச் சொல்வார். வாரம் ஒரு முறை, நோட்டை மூடிவிட்டு, அந்த வாரம் ஆய்வுக்கூடத்தில் செய்த வேலையை ஒரு பத்தி எழுதுவார். கட்டுரைக்காக அல்ல, கைப்பழக்கத்துக்காக. இப்படி நாலு மாதம் ஓடியது.

நடுவில் ஒரு சறுக்கல்

மூன்றாம் மாதம் வந்த வரைவில் ‘ப்ளேஸ் அ க்ரூஷியல் ரோல்’ ஒரே பக்கத்தில் நாலு முறை. பொட்டாசியம் முக்கியப் பங்கு வகித்தது, வேர் முக்கியப் பங்கு வகித்தது, மழையும் வகித்தது. கற்றுக்கொண்ட தொடர் வாயில் இனித்ததால் விட மனமில்லை. மொழி கற்பவர்கள் எல்லோருக்கும் நேர்வதுதான், தெரிந்த பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். நான் அடிக்கவில்லை. ஒவ்வொரு இடத்திலும் “என்ன பங்கு?” என்று மட்டும் பென்சிலில் எழுதிக் கொடுத்தேன். பொட்டாசியத்துக்கு விடை இருந்தது: இலையில் சோடியத்தின் அளவோடு ஒப்பிட்ட விகிதம் தாங்கும் ரகத்தில் கூடுதலாக நின்றது. அந்த விகிதத்தையே எழுதினார். மழைக்கு விடை இல்லை, அது தொட்டிச் சோதனை. அந்த வாக்கியம் போய்விட்டது. சேர்க்கை சரியாக இருந்தும் சொல்ல விஷயம் இல்லாத வாக்கியங்கள் இருக்கின்றன என்று அன்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

என்ன ஆயிற்று

ஆறாம் வரைவில் நெறியாளரின் பச்சை மை குறைந்திருந்தது. ஒப்புமை 10க்குக் கீழே நின்றது, எந்தக் கருவியும் தொடாமல். கட்டுரையை இதழுக்கு அனுப்பினார். நல்ல ஆங்கிலம், சுவையான ஆங்கிலம் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். வாக்கியங்கள் இன்னும் ஒரே நீளத்தில்தான் இருக்கின்றன, ‘தி’ சில இடங்களில் விடுபடுகிறது. ஆனால் ஒரு தாவரவியலாளர் தடங்கல் இல்லாமல் படித்துப் போகலாம், நெல்லும் உப்பும் எங்கும் மறையவில்லை.

நாலரை மாதம் கழித்து ஒரு மாலை தொலைபேசி வந்தது. மதிப்பீட்டாளர்கள் திருத்தம் கேட்டிருக்கிறார்கள், 9 கேள்விகள். “இங்கிலீஷப் பத்தி ஒண்ணுமே இல்ல மேடம். தொட்டியப் பத்திக் கேட்டிருக்காங்க. ஒவ்வொரு உப்பு அளவுக்கும் ஏன் 3 தொட்டிதான் வெச்சேன்னு கேக்குறாங்க. மின்கடத்துதிறன் எந்த நாள்ல அளந்தேன்னு கேக்குறாங்க.” மூச்சு விடாமல் சொன்னார். 3 தொட்டிக்கு அவரிடம் காரணம் இருந்தது: குழியடிச்சான் விதை அவ்வளவுதான் கிடைத்தது. அதை அப்படியே எழுதச் சொன்னேன்.

மறுநாள் நோட்டோடு வந்தார். பதில் கடிதம் எழுத வேண்டும். ‘கமெண்ட்’ என்று தலைப்பிட்டு ஒரு புதுப் பக்கம் திறந்திருந்தார். அதன் கீழே, கருத்தை எடுத்துக்கொண்டு பதில் தருவதைக் குறிக்கும் ‘அட்ரஸ்’ என்ற வினையை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

“கமெண்டுக்கு ‘ஆன்சர்’ போடலாமா மேடம், இல்ல இதுதானா?”

இதுதான் என்றேன். கேள்விக்குறியை அடித்துவிட்டு அடுத்த வினைக்கு வந்தார்.